பொருளாதாரம் ஐந்து வருடப் படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் முழுக்க எனக்கு போன் வந்துகொண்டே இருக்கும். "ஏனுங்க டீச்சர், பாப்பா எக்கனாமிக்ஸ்தான் வேணும்ங்குது. அவங்கப்பா பி.காம். ஃபைனான்ஸ் எடுக்கச் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" திருப்பூருக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் நான் எக்கனாமிக்ஸ் பக்கம்தான் பேசுவேன் என்று கேட்பவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் என்னிடம் வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேரை நானே பி.காம். பக்கம் அனுப்பியிருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை எப்படி முடிவு செய்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றில்லை. இதை விளக்க எங்கள் ஊரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

2021-இன் தொடக்கத்தில் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே விற்றது. 2022 மே மாதத்தில் அதுவே ஒரு லட்சத்தை எட்டிவிட்டது. நூல் விலை மாதாமாதம் ஏறியது. பனியன் கம்பெனிக்காரர்கள் தாங்க முடியாமல் அந்த மே மாதம் கம்பெனிகளை அடைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது திருப்பூரில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் காதில் விழுந்தது நூல் விலைதான். அந்தப் பேச்சைக் கூர்ந்து கேட்டால் அதில் இரண்டு வகைக் கேள்விகள் இருந்தது தெரியும்.

ஒரு கம்பெனி முதலாளியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இருக்கும் பையரிடம் ஒரு டி-ஷர்ட்டுக்கு இத்தனை டாலர் என்று பேசி ஆர்டர் வாங்கிவிட்டார். சரக்கு மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் கப்பல் ஏறும். பேசிய விலை மாறாது, நூல் விலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? ஆர்டருக்கு வேண்டிய நூல் முழுவதையும் இன்றைக்கே வாங்கி குடோனில் அடுக்கினால் விலையேற்றத்திலிருந்து தப்பலாம். அதற்குப் பணம் வேண்டும். வங்கியில் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிக்கு முன்கடன், வாங்கினால் வட்டி ஓடும். வாங்கிய பிறகு நூல் விலை இறங்கிவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரர் குறைந்த விலைக்குத் தைத்து அடுத்த ஆர்டரைத் தட்டிக்கொண்டு போவார். இன்னொரு பக்கம் டாலர். 2022 தொடக்கத்தில் 75 ரூபாய்க்குச் சற்றுக் குறையவோ கூடவோ இருந்த டாலர், ஜூலையில் 80-ஐத் தொட்டு அக்டோபரில் 83 வரை போனது. வரப்போகும் டாலரை முன்கூட்டியே ஒரு விலைக்கு வங்கியிடம் ஃபார்வர்டு போட்டு விற்றுவைத்தவர்களுக்கு அந்த ஏற்றத்தின் லாபம் கிடைக்கவில்லை. அவர்கள் தவறு செய்தார்களா? இல்லை. ஃபார்வர்டு போடுவது நிம்மதியாகத் தூங்குவதற்கு. லாபம் பார்ப்பது அதன் நோக்கமே இல்லை. இதை மூன்றாம் ஆண்டு முடிப்பதற்குள் புரிந்துகொண்ட மாணவன் நிதியியலை உண்மையாகவே படித்திருக்கிறான் என்று சொல்வேன்.

ஒரு நிறுவனம், ஒரு குடும்பம், ஒரு வங்கி, இவற்றில் யாரோ ஒருவருடைய இடத்தில் நின்று, கையில் இருக்கும் பணத்தையும், வரப்போகும் பணத்தையும், நடுவில் இருக்கும் காலத்தையும் ஆபத்தையும் கணக்குப் பார்த்து என்ன முடிவெடுப்பது என்று யோசிக்கும் படிப்பு நிதியியல்.

இனி அதே டீக்கடையில் எழுந்த மற்றக் கேள்வி. பஞ்சு விலை ஏன் ஏறியது? பதுக்கல்தான் காரணம் என்றார் ஒருவர். மில்காரர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். பஞ்சு ஏற்றுமதியைத் தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். பொருளாதாரம் படிக்கும் பிள்ளை இந்த மூன்றையும் நம்பிவிடவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. அந்த வருடம் இந்தியாவில் விளைச்சல் எவ்வளவு? கொரோனா முடிந்து உலகம் முழுக்கத் துணி வாங்கத் தொடங்கியபோது சர்வதேசச் சந்தையில் பஞ்சு என்ன விலை? 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு வரி போட்டார்களே, அதன் பங்கு என்ன? 2022 ஏப்ரல் மத்தியில் மத்திய அரசு அந்த வரியை நீக்கியது. அப்படியும் மே மாதம் விலை ஏறியதே, ஏன்? உலகச் சந்தையிலேயே பஞ்சு விலை பத்தாண்டுகளில் காணாத உயரத்தில் இருந்தபோது, இங்கே வரியை எடுத்தாலும் வெளியிலிருந்து வரும் பஞ்சு மலிவாக இருக்காது. கப்பலில் வந்து சேரவும் வாரக்கணக்கில் ஆகும். ஏற்றுமதியைத் தடை செய்தால் திருப்பூர் பிழைக்கும், சரி. ஆனால் வருடக்கணக்கில் நல்ல விலை காணாத பருத்தி விவசாயிக்கு அந்த ஒரு வருடம்தான் கையில் நாலு காசு சேர்ந்தது. அவரிடம் என்ன சொல்வது? நூல் கிடைக்காமல் ஷிஃப்டு குறைந்து, வாரச் சம்பளம் பாதியாகிப்போன டெய்லர் அக்காவிடம் என்ன சொல்வது?

இங்கே யார் ஒருவருடைய இடத்தில் நின்று பார்த்தாலும் போதாது. விவசாயி, மில், கம்பெனி, தொழிலாளி, அரசு, வெளிநாட்டுப் பையர் எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதுதான் பொருளாதாரம்.

அந்த ஆண்டின் கடைசியில் பஞ்சு விலை நன்றாகவே இறங்கியது. உச்சத்தில் நூல் வாங்கி அடுக்கியவர்கள் சிரமப்பட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் இதே இரண்டு கேள்விகள் எங்கள் ஊரில் மறுபடி எழுந்தன. பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். முதலாளி எப்படித் தப்பித்தார் என்று கேட்கிற பிள்ளை ஒரு வகை. விவசாயிக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற பிள்ளை இன்னொரு வகை. இரண்டுமே நல்ல பிள்ளைகள்தான்.

வகுப்பறைக்குள் போனால் எப்படி இருக்கும்? நிதியியல் நம் கல்லூரிகளில் இளநிலையில் பெரும்பாலும் பி.காம். என்ற வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பேங்க் மேனேஜ்மென்ட், பி.பி.ஏ. ஃபைனான்ஸ் என்று பலகையில் பெயர் மாறும். உள்ளே முதல் ஆண்டு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், பிறகு காஸ்ட் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங், வணிகச் சட்டம், வருமான வரி, ஜி.எஸ்.டி., தணிக்கை, கடைசியில் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட். அதாவது நிதியியலுக்குப் போகும் பாதை கணக்குப் பதிவியல் வழியாகவே போகிறது. டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்போது மனதுக்குள் ஒரு சந்தோஷம் வர வேண்டும். அது வராத பிள்ளைக்கு மூன்று வருடம் நீளமாக இருக்கும்.

ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் பேப்பரில் வரும் ஒரு கணக்கைச் சொல்கிறேன், அந்தப் படிப்பின் ருசி தெரியும். பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு மெஷின். வருடத்துக்கு மூன்று லட்சம் வீதம் நான்கு வருடம் வருமானம் தரும், பிறகு பழைய இரும்பு. மொத்தம் பன்னிரண்டு லட்சம் வருகிறதே, இரண்டு லட்சம் லாபம்தானே என்று தோன்றும். கடன் வட்டி 12 சதவீதம் என்று வையுங்கள். அடுத்த வருடம் வரும் மூன்று லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம்தான். நான்காம் வருடம் வரும் மூன்று லட்சம் இன்றைக்கு 1 லட்சத்து 91 ஆயிரம்கூட இல்லை. நான்கையும் கூட்டினால் 9 லட்சத்து 11 ஆயிரம்தான் வரும். பத்து லட்சம் கொடுத்து 9.11 லட்சம் வாங்குவது நட்டம். ஊரில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போடாமல் மெஷின் வாங்கிக் கடனில் விழுந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு கணக்குக்காகவே எல்லா வீட்டுப் பிள்ளையும் கொஞ்சம் நிதியியல் படிக்க வேண்டும் என்பேன்.

பொருளாதார வகுப்பின் ருசி வேறு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்கள். அதனால் வேலைக்குப் போகும் பெண்கள் அதிகமானார்களா? எளிய கேள்வி போலத் தெரிகிறது. திட்டத்துக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டால் போயிற்று. ஆனால் அதே மே மாதத்தில்தான் கொரோனா இரண்டாம் அலைக்காக ஊரடங்கு போட்டார்கள். பிறகு படிப்படியாகக் கம்பெனிகள் திறந்தன. வேலைக்குப் போகும் பெண்கள் கூடினால் அது பஸ்ஸாலா, கம்பெனி திறந்ததாலா? இதைப் பிரித்தறிய, டவுன் பஸ் ஓடும் ஊரையும் ஓடாத ஊரையும், அல்லது பெண்களின் போக்கையும் ஆண்களின் போக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் ஆயிரம் ஆட்சேபம் வரும். அந்த ஆட்சேபங்களுக்குப் பதில் தேடுவதற்குத்தான் புள்ளியியலும் எக்கனாமெட்ரிக்ஸும். பி.ஏ. பொருளாதாரம் என்றால் கட்டுரை எழுதும் படிப்பு என்று நினைத்து வரும் பிள்ளைகள் இங்கே திகைத்துப்போகிறார்கள். டிமாண்ட், சப்ளை படம் வரைவது முதல் செமஸ்டர் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கணக்கு உண்டு, கட்டாயம் உண்டு.

சரியாகச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பாடத்துக்கு ஈடே இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு நூறாண்டுப் பாரம்பரியம் இருக்கிறது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். அவர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவரச் சொன்னார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி என்று அதில் வரும் ஊர்களுக்கு 1930-களில் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் தலைமையில் மறுபடி போனார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறியது என்று சொல்லக்கூடிய இப்படிப்பட்ட பதிவுகள் உலகத்தில் அதிகம் இல்லை. நானும் என் மாணவிகளைச் சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் குடும்பங்களிடம் அனுப்பிக் கூலியையும் கடனையும் கேட்டு எழுதிவரச் சொல்வேன். தறிக்காரர் வீட்டுப் பெண்ணே தன் வீட்டுக் கணக்கை முதல்முறையாக எழுதிப் பார்த்துவிட்டு, "மேடம், எங்கப்பா வருசம் பூரா நூல்காரருக்குத்தான் வேலை செய்யறாருங்க" என்றாள். புத்தகத்திலிருந்து அந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் கற்பித்திருக்க முடியாது.

இவ்வளவு தூரம் பிரித்துச் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். மேலே போகப் போக இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலி தாழ்ந்துகொண்டே போகிறது. இன்றைக்கு மியூச்சுவல் ஃபண்டு நடத்துகிற எவரும் பயன்படுத்தும் அடிப்படை, பணத்தை ஒரே இடத்தில் போடாமல் எப்படிப் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும் என்ற கணிதம். அதை 1952-இல் எழுதியவர் ஹாரி மார்கோவிட்ஸ். அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் மில்டன் ஃபிரீட்மன், இது பொருளாதாரமே இல்லையே, இதற்கு எப்படிப் பொருளாதாரத்தில் பட்டம் கொடுப்பது என்று வாதாடினார். பட்டம் கிடைத்தது. 1990-இல் அதே வேலைக்காகப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. நம் பக்கமும் பாருங்கள். ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த சி. ரங்கராஜன் இங்கே வணிகவியல் படித்துவிட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவரானவர். ரகுராம் ராஜன் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர், ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. முடித்தவர், சிகாகோவில் நிதியியல் பேராசிரியர்; பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராகவும் இருந்தார். நிதியமைச்சர் ஆன நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்து, டில்லி ஜே.என்.யு.வில் எம்.ஏ. முடித்தவர்.

ஆகவே பதினேழு வயதில் எடுக்கும் இந்த முடிவு வாழ்நாள் முழுவதற்கும் போடும் பூட்டு என்று பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த ஐந்து வருடத்தை அது தீர்மானிக்கும். இனி என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

பொருளாதாரம் ஐந்து வருடப் படிப்பு. நிதியியல் மூன்று வருடப் படிப்பும் ஒரு தொழில்முறைத் தேர்வும்.

பி.ஏ. பொருளாதாரம் மட்டும் முடித்து நிற்கும் பிள்ளையின் கையில் இருப்பது பாதிப் படிப்பு. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது; சொல்லாமல் விட்டால் அதைவிடப் பெரிய துரோகம். அந்தப் பட்டத்தோடு வேலைக்குப் போனால், எந்தப் பட்டம் வாங்கியவரும் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி.யையும் வங்கித் தேர்வையும்தான் எழுத வேண்டும். அந்தத் தேர்வுகளில் இந்தியப் பொருளாதாரம் பகுதி இவர்களுக்குச் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். பொருளாதாரம் படித்தவர் என்பதற்காகவே கதவு திறக்கும் இடங்கள் எல்லாம் எம்.ஏ.வுக்குப் பிறகுதான் வருகின்றன. 1961-இல் தொடங்கிய இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுத, பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம் வேண்டும், எம்.காம். செல்லாது. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கும் முதுநிலை வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியர் ஆக எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும். ஆய்வு நிறுவனங்கள், கன்சல்டன்சி நிறுவனங்கள், வங்கிகளின் ஆய்வுப் பிரிவு எல்லாம் அதே வாசலில்தான் நிற்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் இருக்கிறது. அங்கே பொதுப் பொருளாதாரத்தோடு நிதிப் பொருளாதாரம், ஆக்சுவரியல் பொருளாதாரம் என்று முதுநிலையில் பிரிவுகள் உண்டு. வேலி தாழ்ந்திருக்கிறது என்று சொன்னேனே, அதற்கு நம் ஊரிலேயே சாட்சி.

பி.காம். பக்கம் கதை வேறு. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை முதல் தேதி வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் சின்ன டையிங் யூனிட்டுக்கும் தேதி தவறாமல் ரிட்டர்ன் போட ஆள் வேண்டும். டாலியும் ஜி.எஸ்.டி.யும் சரளமாகத் தெரிந்த இருபத்தொரு வயதுப் பிள்ளை அடுத்த மாதமே சம்பளம் வாங்கும். தங்கை படிக்க வேண்டும், வீட்டுக் கடன் ஓடுகிறது என்று இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வந்தால் யோசிக்காமல் பி.காம். என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்தப் பிள்ளையும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பி.காம். பட்டதாரிகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆளை வேறுபடுத்திக் காட்டுவது கூடவே எழுதும் தேர்வுதான். சி.ஏ. என்றால் பிளஸ் டூ முடித்தவுடன் ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம். அதில் நான்கு தாள், ஒன்று பொருளாதாரம். இப்போதைய விதிப்படி ஆர்ட்டிகிள்ஷிப் என்ற செயல்முறைப் பயிற்சி இரண்டு வருடம். சி.ஏ. கடினம், பலருக்குப் பல முறை எழுத வேண்டியிருக்கும் என்பது வீட்டாருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆக சி.எம்.ஏ., கம்பெனி செகரட்டரி ஆக சி.எஸ்., பங்குச் சந்தை வேலைக்கு என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ்கள், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களைக் கனவு காண்பவருக்கு மூன்று கட்டமாக எழுதும் சி.எஃப்.ஏ. எதுவாக இருந்தாலும் முதல் வருடமே தொடங்க வேண்டும். கடைசி செமஸ்டரில் யோசிக்கத் தொடங்கினால் காலம் வீணாகும்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வாசலும் ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி வேலையின் பொதுப் பிரிவுக்கு, வேண்டிய மதிப்பெண் இருந்தால் எந்தப் பாடத்துப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். அதன் இரண்டாம் கட்டத் தேர்வில் ஒரு தாள் பொருளாதார, சமூகப் பிரச்சினைகள். இன்னொரு தாள் நிதியும் மேலாண்மையும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் புத்தகத்தை வாங்கிப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பிளஸ் ஒன்றில் சேரும்போதே இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். காமர்ஸ் குரூப்பில் பிசினஸ் மேத்ஸ் இருக்கும் குரூப்பும் உண்டு, இல்லாததும் உண்டு. கஷ்டம் என்று சொல்லிப் பிள்ளைகளை இல்லாத குரூப்பில் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை நல்ல இடத்தில் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பிளஸ் டூவிலாவது கணிதம் உண்டா என்று கேட்பார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் சேரவே நுழைவுத் தேர்வில் கணிதம் எழுத வேண்டும். கணக்கு வராத பிள்ளை பொருளாதாரம் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. டெரிவேட்டிவ், மேட்ரிக்ஸ், சராசரியும் விலக்கமும், இவ்வளவையும் கற்றுக்கொள்ள மனம் இருந்தால் போதும். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலமும் கணக்கும் இரண்டும் பயம் என்று வந்த பெண்கள் இரண்டாம் வருடத்தில் ரிக்ரெஷன் போட்டு முடிவைத் தமிழிலேயே அழகாக விளக்கியதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பி.ஏ. பொருளாதாரம் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. அது ஒரு வரம். ஆனால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத முடியும், முதுநிலைப் புத்தகங்களும் ஆங்கிலத்தில்தான். அதனால் முதல் வருடத்திலிருந்தே தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படித்துவிடு கண்ணு என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன்.

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மகனாக இருந்தால், "அஞ்சு வருசம் ஆனாலும் பரவாயில்லீங்க" என்கிறார்கள். மகளாக இருந்தால், "மூணு வருசம் போதுமுங்க, அப்புறம் நல்ல இடமா பார்த்திரலாம்" என்கிறார்கள். பொருளாதார வகுப்புகளில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். பாடத்தை ஆழமாகப் பிடித்துக்கொள்பவர்களும் அவர்களில் நிறையப் பேர். மூன்றாம் வருடத்தோடு அவர்களை நிறுத்துவது, பாதிப் படிப்பைக் கொடுத்து வாசலில் விட்டுவிடுவது. மகளுக்கு மூன்று வருடம்தான் என்று மனதில் முடிவு கட்டிவிட்ட வீட்டார், அதை வெளிப்படையாகச் சொல்லி அவளைப் பி.காம். சேர்த்து, சி.எம்.ஏ.வுக்காவது பணம் கட்டுங்கள். அவள் எக்கனாமிக்ஸ்தான் வேண்டும் என்று நின்றால், ஐந்து வருடம் என்று இன்றைக்கே அவளுக்கு வாக்குக் கொடுங்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபின்டெக், பிசினஸ் அனலிட்டிக்ஸ், இன்டர்நேஷனல் ஃபைனான்ஸ் என்று புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சில நல்ல படிப்புகள். சில, பழைய பி.காம்.மில் இரண்டு தாளை மாற்றிய படிப்புகள். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பொருளாதாரம் என்றால், புள்ளியியல் இரண்டு செமஸ்டராவது இருக்கிறதா, எக்கனாமெட்ரிக்ஸ் பெயரளவிலாவது இருக்கிறதா, கம்ப்யூட்டரில் தரவை வைத்துச் செய்து பார்க்க லேப் உண்டா என்று பாருங்கள். நிதியியல் என்றால், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் தவிர முதலீடு பற்றித் தனித் தாள் இருக்கிறதா, எக்ஸெல்லில் கணக்குப் போடச் சொல்லித்தருகிறார்களா, சி.ஏ. எழுதும் பிள்ளைகளுக்கு நேரம் விட்டுக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்ப்பதைவிட, அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்பது முக்கியம். போன வருடம் படித்து முடித்த பிள்ளைகள் இரண்டு பேரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். நல்ல துறை தயங்காமல் கொடுக்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உட்கார வைத்து, வீட்டில் கடைசியாக எடுத்த ஒரு பெரிய முடிவை முழுக் கணக்கோடு விளக்கிச் சொல்லுங்கள். நிலம் வாங்கியதோ, நகைக்கடன் வைத்ததோ, கடை போட்டதோ. எவ்வளவு கடன், என்ன வட்டி, எத்தனை வருடம், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பிள்ளையை நிதியியலுக்கு அனுப்புங்கள். வட்டி ஏன் இவ்வளவு, நிலம் ஏன் இந்த விலை, மற்ற வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் பிள்ளையைப் பொருளாதாரத்துக்கு அனுப்பி, ஐந்து வருடம் படிக்க விடுங்கள்.